பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

பூக்கடையில் ‘பொக்கே’ என்று கேட்டால் பளபளக்கும் தாள் சுற்றிய பூங்கொத்தை எடுத்து நீட்டுவார்கள். கேமரா கடையில் அதே சொல்லைச் சொன்னால் கண்ணாடி அலமாரியைத் திறந்து லென்ஸை எடுத்து வைப்பார்கள். இரண்டும் தமிழ்க் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பது தற்செயல்தான். பூங்கொத்தைக் குறிப்பது பிரெஞ்சுச் சொல். கேமராக்காரர்கள் சொல்லும் பொக்கே, மங்கல் என்று பொருள் தரும் ஜப்பானியச் சொல். அது வெளியுலகில் பரவியது 1997-க்குப் பிறகு. அந்த ஆண்டு அமெரிக்காவின் ‘போட்டோ டெக்னிக்ஸ்’ இதழ் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டது. ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் அந்தச் சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியாக ஒரு ‘எச்’ சேர்த்தார். இல்லையென்றால் ஆங்கிலம் படிப்பவர்கள் அதை ‘போக்’ என்று ஒரே அசையாகப் படித்துவிடுவார்கள்.

இன்று பூ படம் எடுக்கிறவர்களில் இந்தச் சொல் தெரியாதவர் குறைவு. ஒற்றைப் பூ துல்லியமாக நிற்கும். பின்னால் உள்ளதெல்லாம் பாலில் கரைத்த நிறம்போல் குழைந்து கிடக்கும். அப்படி ஒரு படத்தைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி, “என்ன லென்ஸ் இது?” கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதிலில் பாதிதான் லென்ஸில் இருக்கிறது. எடுத்தவர் எங்கே நின்றார், பூவுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் எது இருந்தது என்பது மீதிப் பாதி. அந்தப் பாதிக்குக் காசு செலவில்லை.

செங்காந்தளை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் மாநில மலர். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் புதர்களிலும் வேலிகளிலும் ஏறிப் பூக்கும். தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காக வயலிலேயே பயிரிடுகிறார்கள். அதிலுள்ள கால்ச்சிசின் மருந்துக்குப் போகிறது. பச்சையாகத் தொடங்கி, மஞ்சளும் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பாகிற ஆறு இதழ்களும் தீச்சுடர்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஓரங்கள் நெளிநெளியாக இருக்கும். கண்ணால் பார்க்கும்போது இதைவிட எடுப்பான பூ இல்லை. படத்தில் பார்த்தால் பல சமயம் பூ எது, வேலி எது என்றே பிரித்தறிய முடியாது.

காரணம் அந்த வேலி. கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்ப்பது வழக்கம். மெல்லிய குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். செங்காந்தள் அதன்மேல் ஏறிப் பூத்திருக்கும்போது பூவுக்கும் குச்சிகளுக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். விலை உயர்ந்த லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தாலும் குச்சிகள் முழுதாகக் கரையாது. ஒவ்வொரு குச்சியும் இரண்டிரண்டு கோடுகளாகப் பிளந்து, பின்னணி நடுங்குவதுபோல் தெரியும். ஜப்பானியர்கள் இதற்கு ‘நிசென் பொக்கே’, அதாவது இரட்டைக்கோட்டு மங்கல் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மங்கலிலும் நல்லது கெட்டது உண்டு.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது. பயப்படும்படியான கணக்கு இல்லை. லென்ஸின் குவியத்தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் அதன் ‘வாய்’ எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பது கிடைக்கும். 100 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 என்றால் ஏறக்குறைய 36 மி.மீ. வெகுதூரத்தில் இருக்கும் ஒரு ஒளிப்புள்ளி, பூ இருக்கும் இடத்தில் வைத்து அளந்தால், ஏறக்குறைய இந்த வாயின் அகலத்துக்கு வட்டமாக விரியும். பின்னணி கிட்டத்தில் இருந்தால் அந்த வட்டம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதற்கும் எளிய வழி இருக்கிறது. பூவிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தைக் கேமராவிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். அந்தப் பங்குதான் மிஞ்சும்.

இப்போது கிளுவை வேலிக்குத் திரும்பலாம். பூ 1 மீட்டரில் இருக்கிறது. குச்சிகள் அதற்குப் பின்னால் 20 செ.மீ.யில் இருக்கின்றன. 20-ஐ 120-ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு. ஆக, 36 மி.மீ. வாய் திறந்தும் கிடைக்கிற மங்கல் வட்டம் வெறும் 6 மி.மீ. அதே ஆள் வேலியோரமாக நாலு எட்டு நடந்து, பூவுக்குப் பின்னால் வேலி வராமல், 20 மீட்டர் தள்ளி இருக்கும் மரவரிசை வரும்படி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸை எஃப் 8-க்கு மூடியும்விடுகிறார். வாய் 12.5 மி.மீ.தான். ஆனாலும் வட்டம் கிட்டத்தட்ட 12 மி.மீ. வரும். எஃப் 8-க்கு மூடிய லென்ஸ், எஃப் 2.8-ல் விரியத் திறந்த லென்ஸைப்போல் இரண்டு மடங்கு மங்கலைத் தருகிறது. செய்த வேலை, நாலு எட்டு நடந்தது மட்டும்.

லாபம் அதோடு நிற்பதில்லை. 1 மீட்டர் தூரத்தில் 100 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8-ல் கூர்மையாகப் பிடிக்கும் ஆழம் சுமார் ஒன்றரை செ.மீ. எஃப் 8-ல் 4 செ.மீ.க்கு மேல் போகும். செங்காந்தளின் ஆறு மகரந்தத் தாள்களும் குடைக்கம்பிகள்போல் நாலாபக்கமும் நீண்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டரை செ.மீ.யின் மதிப்பு புரியும். முன்னால் நீளும் தாளின் முனை கூர்மை, அதற்கடுத்தது புகை, இதழ் எங்கேயோ என்று வருகிற படங்களுக்கெல்லாம் காரணம், பின்னணியை மங்கவைக்கும் ஆசையில் பூவையும் சேர்த்து மங்கவைத்ததுதான்.

செங்காந்தளின் அமைப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. பூ தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் மேலே மடங்கியிருக்கும். மகரந்தத் தாள்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில், சக்கரத்தின் ஆரங்கள்போல் பரவியிருக்கும். கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் அந்தத் தளம் முழுவதும் கேமராவுக்கு நேரே வந்துவிடும். ஆறு முனைகளும் ஒரே கூர்மையில் அமையும். அப்போது பின்னணி வானம். மழைக்காலத்து வெள்ளை வானமாக இருந்தால் படம் கெடும். கருமேகம் திரண்டு நிற்கும் மாலையாக இருந்தால் அந்தச் சாம்பல் நீலத்தில் சிவப்பு தகதகக்கும். பக்கவாட்டில் எடுப்பதாக இருந்தால், அடியில் சட்டென்று மடங்கி ஒருபக்கமாக நீளும் சூல்தண்டு கேமராவுக்குக் குறுக்கே வரும்படி நின்று, அதில் ஃபோகஸ் வைப்பது மேல். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: இந்தச் செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. தொட்ட கையைக் கழுவாமல் கட்டுச்சோற்றைப் பிரிக்க வேண்டாம்.

லென்ஸ் பேச்சுக்கு வருவோம். புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களிடம் பெரும்பாலும் 18-55 கிட் லென்ஸ் இருக்கும். கூடவே 55-250 மி.மீ. ஜூம் ஒன்றும் வந்திருக்கும். பூவுக்கு இவை போதாது என்று நினைத்து அவர்கள் அடுத்ததாக வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8. நல்ல லென்ஸ்தான்; அதன் வாய் 28 மி.மீ. ஆனால் ஏற்கெனவே பையில் கிடக்கும் அந்த ஜூமை 250-க்கு நீட்டினால், எஃப் 5.6-லும் வாய் கிட்டத்தட்ட 45 மி.மீ. கணக்குப்படி மலிவான ஜூமே ஜெயிக்கிறது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. 18 மி.மீ.யில் பூவுக்குப் பின்னால் 60 டிகிரிக்கு மேல் அகலமான காட்சி முழுதும் வந்து விழும். 250-ல் விழுவது சுமார் 5 டிகிரிதான். அவ்வளவு சின்னத் துண்டு என்பதால் அரை அடி நகர்ந்தால் பின்னணியே மாறிவிடும். ஒரே பூவை, ஒரே இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தபடி, தலையை மட்டும் சாய்த்துச் செம்மண் பின்னணியிலும் எடுக்கலாம், நெல்வயல் பச்சையிலும் எடுக்கலாம்.

நிழற்பட வரலாற்றில் இந்த மங்கல் யாரும் தேடிப் போய் வாங்கிய வரம் அன்று. 1840-ல் வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு ஒரு லென்ஸை வடிவமைத்தார். அதற்கு முன்னிருந்த லென்ஸ்கள் வெளிச்சத்தை மெல்லத்தான் உள்ளே விட்டன. முகத்தைப் படமெடுக்க ஆளை நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார வைக்க வேண்டியிருந்தது. பெட்ஸ்வால் தேடியது வெளிச்சம். வாய் அகன்றது, வெளிச்சம் வந்தது, கூடவே முகத்தைச் சுற்றியிருந்ததெல்லாம் சுழன்று மங்கியது. பிறகு பல ஆண்டுகள் அதைக் குறையாகத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சுழல் மங்கலுக்கு இன்று தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. சோவியத் நாட்டின் ஜெனிட் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44 என்ற 58 மி.மீ. லென்ஸைப் பழைய பொருள் சந்தையில் தேடி, அடாப்டர் மாட்டிப் புதுக் கேமராவில் பொருத்துகிறார்கள். அது ஜெர்மனியின் சைஸ் பையோட்டார் லென்ஸின் வடிவத்தைத் தழுவியது. இலைச்சந்துகளில் வானம் தெரியும் இடத்தில் பூவை நிறுத்தினால், ஒளிப்புள்ளிகள் ஓரங்களில் பூனைக்கண் வடிவமாக நசுங்கி, பூவைச் சுற்றி வட்டமிடும். இதேபோல மேயர் ஆப்டிக் கம்பெனியின் டிரையோப்ளான் 100 மி.மீ., ஒளிப்புள்ளிகளைச் சோப்புக் குமிழிகள்போல் விளிம்பு மட்டும் பளிச்சென்று தெரியும்படி காட்டும். மூன்றே கண்ணாடிகள் கொண்ட பழைய வடிவம் அது. முதல் படத்தில் இவை மயக்கும். பத்தாவது படத்தில் பூ மறந்து லென்ஸ்தான் நினைவில் நிற்கும். அவரவர் விருப்பம் என்று விட்டுவிட மனமில்லை. பூவைவிடப் பின்னணி உரக்கப் பேசும் படம் பூவின் படம் ஆகாது.

அதற்கு நேர்மாறான திசையில் உழைத்தவர்களும் இருக்கிறார்கள். மினோல்டா நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த 135 மி.மீ. லென்ஸில், நடுவில் தெளிவாகவும் ஓரத்துக்குப் போகப் போகக் கறுத்தும் இருக்கும் ஒரு வடிப்பானை உள்ளே வைத்தார்கள். அதனால் மங்கல் வட்டங்களுக்கு விளிம்பே இருக்காது, பஞ்சுபோல் கரையும். வெளிச்சம் குறையும் என்பதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு அது. சோனி 2017-ல் அதே முறையில் 100 மி.மீ. லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. சாதாரண லென்ஸ்களிலும் மாற்றம் வந்திருக்கிறது. 1990-ல் வந்த கேனானின் மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் வாயைத் திறந்து மூடும் தகட்டு இதழ்கள் ஐந்துதான். கொஞ்சம் மூடினால் ஒளிப்புள்ளிகள் ஐங்கோணமாகிவிடும். 2015-ல் வந்த அடுத்த வடிவத்தில் ஏழு வளைந்த இதழ்கள். வட்டம் வட்டமாகவே இருக்கும்.

கேமராவே இல்லை, கைப்பேசிதான் என்பவர்கள் மனம் தளர வேண்டாம். கைப்பேசியின் போர்ட்ரெய்ட் முறை 2016-ல் ஐபோன் 7 பிளஸோடு பரவலானது. அதில் வரும் மங்கல் கண்ணாடி தருவது அன்று. எது பூ, எது பின்னணி என்று கணித்து மென்பொருள் பூசுவது. மனித முகத்துக்கு அது நன்றாகவே பழகியிருக்கிறது. செங்காந்தளின் மகரந்தத் தாள்போல மெல்லியதாக நீண்டு நிற்பவற்றைப் பல சமயம் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். இதழ்களுக்கு இடையே உள்ள சந்தை மங்காமல் விட்டுவிடும். பூவுக்கு அந்த முறையை அணைத்துவிட்டு, பிரதான லென்ஸால் கிட்டப் போய் எடுப்பது நேர்மையான வழி. கைப்பேசி லென்ஸின் வாய் பெரும்பாலும் 3, 4 மி.மீ.தான். தாமரைக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் தும்பைப்பூவுக்கு? அந்தப் பூவே ஒன்றரை செ.மீ.யைத் தாண்டாது. பின்னணி தூரத்தில் இருந்தால் 4 மி.மீ. வட்டம், பூவின் கால் பங்குக்கு மேல். மென்பொருள் தயவில்லாமல் உண்மையான மங்கல் கிடைத்துவிடும். தும்பை, நெருஞ்சி, மூக்குத்திப்பூ, துளசிக் கதிர் என்று காலடியில் கிடக்கும் சின்னப் பூக்கள்தான் கைப்பேசிக்கு ஏற்றவை. ரொம்பக் கிட்டப் போனதும் சில கைப்பேசிகள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். மங்கல் காணாமல் போவது அதனால்தான். அமைப்பில் போய் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

மங்கியபின் பின்னணியில் உருவம் போய்விடும். நிறமும் வெளிச்சமும் போகாது. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வேலியில் சிக்கிய வெள்ளை பிளாஸ்டிக் பை மங்கினால் மறையாது; தட்டு அளவுக்கு விரிந்து, பூவைவிடப் பளிச்சென்று கண்ணை இழுக்கும். கொடியில் காயும் வேட்டியும் அப்படித்தான். ஆகவே கேமராவை எடுப்பதற்கு முன் கண்ணைச் சுருக்கி, இமைகளுக்கிடையே பின்னணியைப் பார்க்கிற பழக்கம் நல்லது. எங்கே வெள்ளைத் திட்டு, எங்கே கறுப்புப் பட்டை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வெள்ளைப் பூக்கள் தனிப் பாடு. நந்தியாவட்டையை இருண்ட இலைகளுக்கு முன்னால் வைத்தால் கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து, படத்தை வெளிச்சமாக்கிவிடும்; இதழின் வரிகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் அழிந்துபோகும். ஒரு படி வெளிச்சம் குறைத்தால் வரிகள் திரும்பி வரும். ஆவாரையின் மஞ்சளும் செங்காந்தளின் சிவப்பும் வேறு விதமாக ஏமாற்றும். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோல் தெரியும்; சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். கேமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி வரைபடம் பார்க்கும் வசதி இருந்தால் சிவப்பைப் பார்த்து எடுப்பது பாதுகாப்பு.

எவ்வளவு மங்க வேண்டும் என்பதில் ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. இங்கிலாந்தில் பீட்டர் ஹென்றி எமர்சன் 1889-ல் வெளியிட்ட நூலில், மனிதக் கண் பார்க்கும் பொருளைக் கூர்மையாகவும் மற்றதைச் சற்றுத் தெளிவில்லாமலும் பார்க்கிறது, படமும் அப்படியே இருக்கட்டும் என்று வாதாடினார். ஆனால் பொருளின் உருவமே சிதையும் அளவுக்கு மங்கவிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். இன்றைய பூப்படங்கள் பலவற்றுக்கு இந்த இரண்டாம் பகுதிதான் தேவை. முழுப்பச்சைப் பின்னணியில் மிதக்கும் ஆம்பல், எந்தக் குளத்தில் பூத்தது? குளமே தெரியாவிட்டால் அதைத் துணிக்கடைப் பூவிலிருந்து பிரித்தறிய என்ன இருக்கிறது? பின்னால் படித்துறையின் கல்வரிசை கலங்கலாகத் தெரிந்தால் போதும். பூவுக்கு ஊர் வந்துவிடும். சித்திரையில் சரம்சரமாகத் தொங்கும் சரக்கொன்றைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டின் சிவப்பு மங்கலாகத் தெரியும் படம், வெறும் நிறக்குழம்பில் நிற்கும் சரக்கொன்றையைவிடப் பல மடங்கு மேல். மங்கலை முழுக்க அள்ளி ஊற்றுவதைவிட, அடையாளம் தெரியும் அளவில் நிறுத்துவதுதான் கைத்திறம்.

காற்று இந்த வேலையின் பெரிய எதிரி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் கொங்குப் பகுதியில் பூ படம் எடுக்க நினைப்பது வீண். மார்கழி அப்படியல்ல. விடியலில் இலை அசையாது. புல் முழுக்கப் பனித்துளி. சூரியன் கிளம்பும் அரை மணி நேரத்தில் பூவுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு துளியும் ஒரு விளக்கு. அவைதான் படத்தில் பொன் வட்டங்களாக விரியும். பூளைப்பூவை வெயிலுக்கு எதிரே பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்ன வெள்ளைப் பஞ்சுக் கதிரின் ஓரம் முழுக்க ஒளி பற்றிக்கொள்ளும். வீட்டுக் குளியலறையில் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்ப் பூமேல் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். துளி வரும், அந்த விடியல் வராது.

இடைஞ்சலாக நிற்கும் புல்லைப் பிடுங்குவது, பக்கத்துச் செடியை ஒடிப்பது, எடுத்து முடித்ததும் பூவைப் பறித்துவிடுவது, இவையெல்லாம் நடக்கின்றன. புல்லை ஒரு நூலால் ஒருபக்கமாக இழுத்துக் கட்டி, படம் எடுத்ததும் அவிழ்த்துவிட்டால் அது திரும்ப நிமிர்ந்துகொள்ளும். வயலாக இருந்தால் உழவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்க வேண்டும். வரப்பில்தான் நடக்க வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018-ல் பூத்தபின் மூணாறு மலைகளில் அடுத்த பெரும் பூப்பு 2030-ல் எதிர்பார்க்கப்படுகிறது. அங்கே ஒரு செடியை மிதித்தால் அது 12 ஆண்டுக் காத்திருப்பை மிதிப்பது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆவாரையும் பூளையும் சாலையோரத்திலேயே இருக்கின்றன. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட இரண்டையும் வேப்பிலையோடு சேர்த்து ஒடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு செடியில் மிச்சம் இருக்காது. அதற்கு ஒரு வாரம் முன்பே, காலை ஆறரைக்கு, கிழக்கைப் பார்த்து நில்லுங்கள்.